பத்தில் மூன்று வெடிக்கவில்லை

செப்டம்பர் 3, ஞாயிறு

பத்து தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தேன். ஏழு வெடித்தன. மூன்று வெடிக்கவில்லை.

விசையை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. ரைஃபிள் கிளப்பில் பயிற்சி தரும் ஓய்வுபெற்ற சுபேதார், ஒவ்வொரு முறையும் முப்பது வினாடி வரை துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்திருக்கச் சொன்னார். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்குமாம். இந்த மூன்றும் தாமதமாகக்கூட வெடிக்கவில்லை.

பிஸ்டல் சிறியது. குழாயின் அளவை முப்பத்திரண்டு போர் என்கிறார்கள். கைப்பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். முதல் தடவை மேல்பகுதியைக் கையால் பின்னுக்கு இழுத்துவிட்டால் போதும். அதன் பிறகு ஒன்று வெடித்ததும் அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். ஆனால் வெடிக்காத தோட்டா ஒன்று உள்ளே நின்றுவிட்டால் தானாக எதுவும் நடக்காது. மறுபடியும் கையால் இழுத்து அதை வெளியே தள்ள வேண்டும். எனக்கு அதற்கு நான்கு வினாடி ஆகிறது என்று சுபேதார் கடிகாரம் பார்த்துச் சொன்னார்.

பின்னால் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். என் பெயர் கோகிலவாணி. வயது நாற்பத்தாறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வகப் பணி. திருமணம் ஆகவில்லை. தம்பி பூபதி போன வருடம் பிப்ரவரியில் இறந்தான். நொச்சிக்குளத்தில் வண்டல் எடுக்க அனுமதி வாங்கிவிட்டுக் கிராவல் மண்ணை அள்ளியவர்கள் மேல் அவன் ஒன்பது மனு போட்டிருந்தான். ஒரு காலை நேரத்தில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், டிப்பர் லாரி அவன் மேல் ஏறியது. பிறகு பின்னால் வந்து இன்னொரு தடவை ஏறியது. லாரியில் இருந்தவர்கள் இருவர்: ஓட்டுநர் மாயவன், பக்கத்து இருக்கையில் குவாரி முதலாளி பொன்னுராசு. நான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். இருவரும் ஜாமீனில் இருக்கிறார்கள்.

மே மாதம் எங்கள் வீட்டு வாசலை அடைத்து ஒரு லோடு மண்ணைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் போலீஸ் காவலும், பிஸ்டல் லைசென்ஸும் கிடைத்தன.

பத்தில் மூன்று தவறும் என்றால் அந்த மருந்தை ஆய்வகத்தில் நான் வைத்திருக்க மாட்டேன். கொட்டிவிடுவேன்.

செப்டம்பர் 4, திங்கள்

சர்க்கரைப் பரிசோதனை நாற்பத்தொன்று. கர்ப்பிணிகள் ஒன்பது பேர். ரத்தக் குழாய்களைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜ் மறுபடியும் ஆடுகிறது. அடியில் அட்டை மடித்து வைத்தேன்.

செப்டம்பர் 9, சனி

துப்பாக்கி வாங்கிய கடைக்குக் கோயம்புத்தூர் போனேன். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். கூடவே சென்னியப்பனும் வந்தார். எனக்குக் காவலுக்குப் போடப்பட்டிருக்கும் ஏட்டு அவர். முப்பத்தெட்டு வயது. பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பார்ப்பவர்கள் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள்.

கடைக்காரர் ஞானப்பிரகாசம் வெடிக்காத மூன்று தோட்டாக்களையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“பின்னு நல்லா ஆழமா அடிச்சிருக்குங்க மேடம். துப்பாக்கி மேல குத்தமில்ல. உள்ள மருந்து செத்துப்போச்சு.”

லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். தோட்டாவின் பின்பக்கப் பொட்டில், துப்பாக்கியின் பின் அடித்த இடத்தில், மூன்றிலும் ஒரே ஆழத்தில் குழி. அவர் சொன்னது சரிதான்.

“எத்தன வருஷப் பழசுங்க?” என்றேன்.

“பன்னெண்டு.”

“காலாவதித் தேதி போட மாட்டாங்களா?”

சிரித்தார். “இது என்ன மாத்திரையா மேடம்?”

“புதுசு வேணும்.”

“எங்கிட்ட இருக்கறது பூராம் அதே பெட்டிதாங்க. தொழிற்சாலைல இருந்து புதுசு வந்தா ஃபோன் போடறேன். எப்ப வரும்னு எனக்கே தெரியாது.” பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: “நீங்க பயத்துக்குத்தான வெச்சிருக்கீங்க? எடுத்துக் காட்டுனாலே போதும் மேடம். எங்கிட்ட வாங்குனவங்க நூறு பேர்ல தொண்ணூறு பேரு இதுவரைக்கும் சுட்டதே இல்ல.”

சென்னியப்பன் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் முகம் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

நீதிமன்றத்தில் வாய்தா. என்னைக் கூப்பிடவில்லை. ஜாமீன் நிபந்தனைப்படி பொன்னுராசு செவ்வாய்தோறும் நீதிமன்றத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்தே முக்காலுக்கு வருகிறார். வெள்ளைக் காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போகிறார்.

எதிர்ப்புற ஜெராக்ஸ் கடையில் லைசென்ஸ் புத்தகத்தை நகல் எடுத்தேன். கடைப் படியிலிருந்து கேட் வரை என் நடையில் பதினாறு எட்டு. சுமார் பதினொரு மீட்டர்.

வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கினேன்.

செப்டம்பர் 14, வியாழன்

பூபதியின் மனைவி நிர்மலா என்னோடுதான் இருக்கிறாள். தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பிஸ்டலை நான் துடைக்கும்போது பக்கத்து அறைக்குப் போய்விடுவாள். இன்றைக்குப் போகவில்லை.

“அண்ணி, இத வெச்சுட்டு இருந்தா உங்களுக்குத் தூக்கம் வருதா?”

“வருது.”

“எனக்கு வர்றதில்லீங்க.”

துடைத்து முடித்து உறையில் போட்டேன். எண்ணெய் வாடை கையிலேயே நின்றுவிட்டது. சோப்புப் போட்டும் போகவில்லை.

செப்டம்பர் 23, சனி

சேலத்தில் ஒரு கடையில் வேறு பெட்டி இருப்பதாகச் சுபேதார் சொன்னார். போய் இருபத்தைந்து வாங்கிவந்தேன். ஏழு வருடத்துச் சரக்கு. வருடத்துக்கு இத்தனைதான் வாங்கலாம் என்று லைசென்ஸில் ஒரு வரம்பு இருக்கிறது. அதில் பாதி முடிந்துவிட்டது. எனவே இனிப் பார்த்து வாங்க வேண்டும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

பத்துக்கு ஒன்பது. ஐந்தாவது வெடிக்கவில்லை.

“ஒம்போது வெடிச்சுதேம்மா, போதாதா?” என்றார் சுபேதார்.

எந்த ஒன்று வெடிக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

இலக்குப் பலகையைப் பதினொரு மீட்டரில் வைக்கச் சொன்னேன். பத்துதான் வழக்கம் என்றார். ஆனாலும் வைத்துக் கொடுத்தார். பதிவேட்டில் நேரம், தூரம், எண்ணிக்கை மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அக்டோபர் 5, வியாழன்

அரசு வழக்கறிஞர் உமையாள் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். சாட்சியத்துக்கு என்னைத் தயார்செய்ய வேண்டுமாம். என்னைவிட இளையவர். மேஜையில் பிரேதப் பரிசோதனை அறிக்கை விரித்துக் கிடந்தது. அதைத் தலைகீழாகவே வாசிக்க எனக்குத் தெரியும்.

“ரெண்டு தடவ ஏறிச்சுன்னு டாக்டர் சொல்றாரு. அவங்க வக்கீல் ஒரே தடவைதான், பின்சக்கரம் ஏறினதத்தான் நீங்க ரெண்டாவதுன்னு சொல்றீங்கன்னு வாதாடுவாரு. நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும்க்கா?”

“நாப்பது வினாடி.”

“எப்படி அவ்வளவு கரெக்டா சொல்றீங்க?”

“நாடி பாத்துப் பழக்கம். மனசுக்குள்ள எண்ணிட்டே இருப்பேன்.”

“அந்த நாப்பது வினாடில என்ன நடந்துச்சு?”

“ஒண்ணுமில்ல.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “லாரி நின்னுச்சு. அப்பறம் ரிவர்ஸ்ல வந்துச்சு. நடுவுல நீங்க எங்க இருந்தீங்க?”

“ரோட்டோரத்துல.”

“சரி” என்று எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 10, செவ்வாய்

பஸ் நிறுத்தத்து டீக்கடை ரத்தினசாமி இன்று சாட்சி சொன்னார். அன்றைக்குக் காலையில் கடையே திறக்கவில்லையாம். போலீஸ் எழுதிவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டதாம். பிறழ்சாட்சி என்று பதிவு செய்தார்கள். வெளியே வந்தபோது என்னைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தார். அன்றைக்கு என் மேல் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தவர் அவர்தான்.

இனிப் பார்த்தவள் என்று நான் ஒருத்தி மட்டுமே இருக்கிறேன்.

பத்து ஐம்பதுக்கு வந்தார் பொன்னுராசு. இன்றைக்கு ஐந்து நிமிடம் தாமதம். லைசென்ஸ் நகல் எடுத்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. சுகாதார நிலையத்தில் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்தோம். லென்ஸில் படாமல் பார்த்துக்கொண்டேன். வீட்டில் நிர்மலா தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு, என்னிடம் கேட்காமலேயே பீரோவைத் திறந்து பிஸ்டல் உறைக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

“ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம உட்டா நல்லாருக்காதுங்க” என்றாள்.

சென்னியப்பனுக்குப் பொரி கொடுத்தோம். ஸ்டேஷனில் தன் துப்பாக்கிக்கும் பூஜை போட்டுவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். “எங்கிட்ட இருக்கற குண்டும் பழசுதானுங்க. நம்ம ரெண்டு பேத்துல யாருது வெடிக்கும்னு சாமிக்குத்தான் தெரியும்.” நிர்மலா சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆயிற்று.

நவம்பர் 2, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து ஃபோன். புதிய சரக்கு வந்திருக்கிறது. விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். வந்ததில் முதல் பெட்டியை எனக்காக ஞானப்பிரகாசம் எடுத்துவைத்திருந்தார். இருபத்தைந்து தோட்டா. இந்த வருடத்துத் தயாரிப்பு. பித்தளை புதுச் சொம்புபோல மின்னியது.

“உங்கள மாதிரி யாரும் இத்தன தடவ ஃபோன் போட்டுக் கேட்டதில்லீங்க மேடம். உங்களுக்கு என்ன ஆபத்துன்னு நான் கேக்கக் கூடாது. ஆனா பத்தரமா இருங்க.”

விற்பனைப் பதிவேட்டில் இரண்டாவது தடவையாக என் பெயரை எழுதினார்.

நவம்பர் 5, ஞாயிறு

பத்துக்குப் பத்து. பதினொரு மீட்டர். ஒன்பது குண்டுகள் ஒரு தட்டின் அகலத்துக்குள் விழுந்தன.

மேலும் பத்து சுட்டேன். அவையும் வெடித்தன. மீதி ஐந்து.

கிளப்புக்கு வெளியே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் நானும் சென்னியப்பனும் மட்டும் நின்றிருந்தோம்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளுங்க.”

“பதினோரு மீட்டர் எதுக்குங்க?”

“பத்துக்கும் பதினொண்ணுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

நான் சாலையைப் பார்த்தேன். பஸ் வரும் அறிகுறியே இல்லை.

“ஜெராக்ஸ் கடைல உங்களுக்கு இடது கைப் பக்கம் நிக்கறவன் நானுங்க. எட்டு செவ்வாக்கெழம நின்னுருக்கேன். ஒரே லைசென்ஸ எட்டுத் தடவ நகல் எடுத்துட்டீங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்தில் யாரும் இல்லை. “எனக்குக் குடுத்த ஆர்டர்ல உங்களக் காப்பாத்தோணும்னுதான் இருக்கு. ஆனா நா போலீஸ்காரனுங்க. எனக்கு எதுத்தாப்ல ஒருத்தர் துப்பாக்கிய எடுத்து இன்னொருத்தர் மேல நீட்டுனா, அது யாரா இருந்தாலும், நா என்ன பண்ணோணும்னு பயிற்சில சொல்லிக் குடுத்துருக்காங்க. யோசிக்கறதுக்கு நேரம் இருக்காது, கை தானாப் பண்ணிப்போடும். அத என்னயப் பண்ண வெச்சுராதீங்க அக்கா. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. உங்க வீட்டுப் பொரியத் தின்னுட்டு வந்து அதுககிட்ட நா என்னன்னு சொல்றது?”

பஸ் வந்தது. ஏறினோம். அவர் வழக்கம்போல முன் இருக்கையில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஊர் வந்து சேரும் வரைக்கும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 6, திங்கள்

மலேரியா ஸ்லைடு பதினான்கு. எல்லாம் நெகட்டிவ்.

நவம்பர் 7, செவ்வாய்

ஜெராக்ஸ் கடைக்குப் போகவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. துக்க வீடு என்பதால் போன வருடம் கொண்டாடவில்லை. இந்த வருடமும் வேண்டாம் என்று நிர்மலா சொல்லிவிட்டாள். ஊரெல்லாம் வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். எனக்கு எதுவும் ஆகவில்லை. பழகிவிட்டது.

எதிர்வீட்டார் கொடுத்த அதிரசத்தைச் சாப்பிட்டோம்.

நவம்பர் 16, வியாழன்

சம்மன் வந்துவிட்டது. இருபத்தொன்றாம் தேதி. செவ்வாய்க்கிழமை. முதல் விசாரணை, குறுக்கு விசாரணை இரண்டும் ஒரே நாளில் என்று உமையாள் சொன்னார்.

நவம்பர் 20, திங்கள்

பிஸ்டல் இருக்கும் பீரோவின் சாவியைச் சென்னியப்பனிடம் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 21, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கூண்டில் ஏறியது பதினொன்றே காலுக்கு. உமையாள் கேட்டதற்கெல்லாம் முன்பு சொன்னதையே சொன்னேன். முதலில் ஏறியது. நின்றது. பின்னால் வந்தது. பொன்னுராசு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். ஓட்டுநரிடம் கையைக் காட்டினார். நான் சொல்லச் சொல்ல நீதிபதி தட்டச்சருக்கு வாக்கியமாக்கிக் கொடுத்தார். பொன்னுராசு குற்றவாளிக் கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிர்மலா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கையில் மூன்று தாள்கள்.

“அம்மா, நீங்க துப்பாக்கி வெச்சிருக்கீங்களா?”

“இருக்கு.”

“செப்டம்பர்லருந்து மூணு மாசத்துல ரெண்டு ஊர்க் கடைங்களுக்கு அலைஞ்சிருக்கீங்க. ரைஃபிள் கிளப்புல நாப்பது ரவுண்டு சுட்டிருக்கீங்க. பதிவேடு இருக்கு. சரியா?”

“சரி. அதுல நாலு வெடிக்கல.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“வெடிக்காததுனால, நல்ல தோட்டா வேணும்னு தேடியிருக்கீங்க.”

“ஆமா.”

“இலக்க பதினொரு மீட்டர்ல வெக்கச் சொல்லியிருக்கீங்க. இந்தக் கோர்ட் கேட்டுக்கும் எதிர்ல இருக்கற கடைக்கும் பதினொரு மீட்டர். நான் டேப் வெச்சு அளந்தேன். என் கட்சிக்காரரச் சுட்டுக் கொல்றதுக்குத்தான் நீங்க தோட்டா தேடி அலைஞ்சீங்கன்னு சொல்றேன்.”

உமையாள் எழுந்து ஆட்சேபித்தார். சாட்சி பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். பதில் சொல்ல விருப்பமா என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

“ஆமாங்க. அதுக்குத்தான் அலைஞ்சேன்” என்றேன்.

தட்டச்சர் அடிக்காமல் நீதிபதியைப் பார்த்தார். உமையாள் உட்கார்ந்துவிட்டார். வக்கீலே ஒரு கணம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுப்பேன், மறுத்ததும் பதிவேடுகளைக் காட்டலாம் என்று வைத்திருந்தார் போலிருக்கிறது.

“அப்ப, உங்க சாட்சியம் முழுக்க வெறுப்புல சொல்றதுதான?”

“வெறுப்பு இருக்குதுங்க. லாரி பின்னால வந்ததும் உண்மைதான்.”

அதன் பிறகு நீதிபதியே கேட்டார். “அம்மா, அப்பறம் ஏன் சுடல?”

“எனக்குக் காவலுக்கு வர்ற போலீஸ்காரர் என்னையச் சுட வேண்டி வந்துரும்னு சொன்னாருங்க. அவரப் போய் அப்படி ஒரு எடத்துல நிக்க வெக்கக் கூடாதுன்னு தோணுச்சு.”

நீதிபதி என் பழைய வாக்குமூலத்தைப் புரட்டினார். “முதல் தடவ ஏறினதுக்கும் ரெண்டாவது தடவைக்கும் நடுவுல நாப்பது வினாடின்னு சொல்லியிருக்கீங்க. அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணுனீங்கன்னு எங்கயும் இல்ல. போலீஸ்லயும் சொல்லல. இங்கயும் சொல்லல.”

கூண்டின் கட்டை வழவழப்பாக இருந்தது. எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கட்டை.

“முதல் தடவ கால்லதான் ஏறுச்சுங்க. அவனுக்கு உசுரு இருந்துச்சு. கைய ஊனி எந்திரிக்கப் பாத்தான். ரோட்டோரத்துக்கு நகந்து வர ரெண்டு அடிதான். அடிபட்டவங்களை அசைக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க. முதுகெலும்புல பட்டிருந்தா கெட்டுப்போகும். அதனால, ‘அசையாத, அப்படியே இரு, நான் வர்றேன்’னு கத்துனேன். அவன் அசையாம இருந்தான். அப்பத்தான் லாரி பின்னால வந்துச்சு.”

மேலே எதுவும் கேட்பதற்கு இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார்.

இறங்கும்போது கடைசி பெஞ்சைப் பார்த்தேன். நிர்மலா அங்கே இல்லை.

வராந்தாவில் உமையாள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். “என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. அவங்க அத வெச்சு அப்பீல்ல நம்மளக் கிழிச்சிருவாங்க.” அவர் கண் கலங்கியிருந்தது. கோபத்திலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

நவம்பர் 22, புதன்

நிர்மலா தாராபுரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நேற்று நீதிமன்றத்திலிருந்தே போயிருக்கிறாள். தையல் மெஷினில் பாதி தைத்த ஜாக்கெட் அப்படியே ஊசியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எடுக்கவில்லை.

நவம்பர் 27, திங்கள்

லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. விளக்கம் எதுவும் எழுதவில்லை. சென்னியப்பனிடம் சாவியை வாங்கி, பிஸ்டலையும் மீதித் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைத்தேன். எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். நல்ல தோட்டாக்களை ஒரு பொட்டலமாகவும் சந்தேகத்துக்குரியவற்றை இன்னொரு பொட்டலமாகவும் கட்டி, மேலே எழுதி ஒட்டியிருந்தேன்.

“எதுக்கும்மா தனித்தனியா?” என்றார் எழுத்தர்.

“கலந்துட்டா யாருக்காவது ஆபத்து” என்றேன்.

சென்னியப்பன் வாசலில் நின்றிருந்தார். திரும்பி வரும்போது, தன் சின்ன மகள் பள்ளியில் ரத்த வகை கேட்டிருப்பதாகச் சொன்னார். நாளைக்குக் கூட்டிவரச் சொன்னேன்.

நவம்பர் 28, செவ்வாய்

சென்னியப்பனின் மகள் ஓ பாசிட்டிவ். ஊசிக்கு அழவில்லை. நான் ஊசி குத்தும்போது அவர்தான் வேறு பக்கம் பார்த்தார்.

டிசம்பர் 3, ஞாயிறு

நிர்மலாவுக்கு ஃபோன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார். குளிக்கிறாள் என்றார்.

டிசம்பர் 9, சனி

இன்றைக்கும் குளிக்கிறாள் என்றார்.

டிசம்பர் 20, புதன்

தீர்ப்பு. இருவரும் குற்றவாளிகள். இருவருக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு செய்வார்கள், அது நான்கைந்து வருடம் இழுக்கும் என்று உமையாள் சொன்னார். தீர்ப்பில் என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதை நீதிபதி வாசித்தார். தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தும் இரண்டு உண்மைகளை மறைக்காத சாட்சி, மூன்றாவதில் பொய் சொல்வதற்குக் காரணம் இல்லை என்று. உமையாள் என் பக்கம் திரும்பவில்லை. மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பொன்னுராசுவை வேனில் ஏற்றும்போது பார்த்தேன். சட்டையின் பின்பக்கம் வியர்த்திருந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றும் என்று எதிர்பார்த்தேன்.

நிர்மலா வந்திருந்தாள். தூண் ஓரமாக நின்றிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு, “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க அண்ணி” என்றாள். அவ்வளவுதான். இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஊருக்கு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பில் பால் வைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

“நானா இருந்தாலும் அதத்தானுங்க சொல்லியிருப்பேன். அசையாதன்னுதான் சொல்லியிருப்பேன். அங்க அம்மா வீட்ல இருந்தப்ப தினமும் அதத்தான் நெனச்சுட்டு இருந்தேன்.” கரண்டியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். “அது பத்திக் கேக்கல. நீங்க அப்படிச் சொன்னப்ப, அவரு ஏதாச்சும் பேசினாரா?”

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எத்தனை வினாடி என்று எண்ணவில்லை.

“பேசினான்.”

“என்ன சொன்னாரு?”

“‘சரிக்கா’ன்னான்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அணைக்கவில்லை.